பேய் கக்கியதைத் தின்றவன்

நூலகப் பட்டியல் மூன்று கேள்விகள் கேட்கும்: தலைப்பு என்ன, எழுதியவர் யார், எந்த ஆண்டு. சின்ன வயதில் கேட்ட கதையைத் தேடிப் போகிறவரிடம் இந்த மூன்றுக்கும் பதில் இருக்காது. "கதையில ஒரு கழுதை வரும், அட்டை மஞ்சள்" என்பார். இல்லையென்றால், "அந்தக் கிழவி கடைசியில என்ன ஆனாள்னு தெரியல, ஆனா எனக்கு அழுகை வந்துச்சு" என்பார். மனித மூளை கதைகளை எப்படித் தொலைக்கிறது என்று அறிய இந்த மாதிரிக் கேள்விகள் நல்ல சான்று. பெரும்பாலும் பெயர்கள் போய்விடுகின்றன. யார் சொன்னது, எங்கே படித்தது என்ற விவரமும் போகிறது. காரணகாரியம் தேய்ந்துபோகிறது. இவ்வளவும் போன பிறகும் ஏதோ ஒரு வினோதம் மட்டும் நகராமல் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்தது, ஒருவன் பேய் கக்கியதைத் தின்றான் என்பது.

நானும் அக்காவும் வளர்ந்தது சிங்கப்பூரில் பஃபலோ ரோட்டுப் பக்கம், ஒரு கடைவீட்டின் மாடியில். பல ஆண்டுகள் கழித்து, அங் மோ கியோவில் அவள் வீட்டில் ஒரு தீபாவளி மதியம் இந்தக் கதை பேச்சில் வந்தது. (சாப்பாட்டு நேரத்தில் எடுக்கக்கூடிய பேச்சு இல்லைதான்.) இருவருக்கும் கதை தெரியும், இருவருக்கும் முழுசாகத் தெரியாது. அவள் சொல்ல ஆரம்பித்ததும் தடுத்தேன். "அக்கா, இனிமே பேசாத. தாள் தரேன், எழுது. நானும் எழுதறேன். அப்புறம் பார்ப்போம்." அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். ஆனால் எழுதினாள்.

தடுத்ததற்குக் காரணம் உண்டு. 2001இல் ஹென்றி ரோடிகர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து சில காட்சிகளைப் பார்க்கிறார்கள். பிறகு பார்த்த பொருள்களை மாறி மாறிச் சொல்கிறார்கள். ஆனால் இருவரில் ஒருவர் ஆய்வாளரின் ஆள். இல்லாத பொருள்கள் சிலவற்றை இடையிடையே சேர்த்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மற்றவரைத் தனியாகக் கேட்டால், அந்த இல்லாத பொருள்களில் சிலவற்றை அவரும் பார்த்ததாகச் சொல்கிறார். ஞாபகம் தொற்றிக்கொள்ளும். அதே ஆண்டு நியூசிலாந்து ஆய்வாளர்கள் இரட்டையர்களைப் பற்றி இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள்: பள்ளிக்கூடத்தில் விழுந்து அடிபட்டது, பந்தயத்தில் ஓடியது போன்ற சம்பவங்களை "எனக்குத்தான் நடந்தது" என்று இரண்டு பேருமே சத்தியம் செய்தார்கள். இரட்டையர்களிடம் மட்டும் இல்லை, கூடப்பிறந்தவர்களிடமும் இது உண்டு. ஆகவே பழைய கதையைத் தேடும் குடும்பம் எதுவும் செய்ய வேண்டிய முதல் காரியம், ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பது. நம் குடும்பங்களில் நடக்கிற காரியமா என்பது வேறு விஷயம்.

என் தாளில் இருந்தது: ஏழை விறகுவெட்டி. காடு. மரத்தில் ஒரு பேய். பேய் வாந்தி எடுக்கிறது, இவன் அதைத் தின்கிறான், பலம் வருகிறது. அரண்மனை வாசலில் யாராலும் தூக்க முடியாத கல்லைத் தூக்கிக் கடலில் எறிகிறான். இளவரசியைக் கட்டிக்கொள்கிறான். அம்புலிமாமாவில் படித்தது.

அக்காவின் தாளில்: ஆற்றங்கரை. மீன் பிடிக்கிறவன். யாரோ இவன் மீனைத் திருடித் தின்கிறார்கள். பேய்க்கு நீளத் தாடி. தாடியைப் பிடித்துக்கொண்டே வாந்தியைத் தின்கிறான். கல். இளவரசி. பெரியப்பா சொன்னது. ஆள் பெயர் "ப"வில் ஆரம்பிக்கும்.

ஒன்று படித்தது, இன்னொன்று கேட்டது. ஒரே கதைக்கு இரண்டு பிறப்பிடம் இருக்க முடியாது என்றில்லை. ஆனால் யாரோ ஒருவர் தவறாக நினைக்கிறோம் என்பதே சாத்தியம். அது நான்தான் என்று அக்கா உடனே முடிவு கட்டினாள்.

அம்புலிமாமாவை முதலில் பார்த்தோம். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய இதழ். தெலுங்கில் அது சந்தமாமா. சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் அது கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. பழைய இதழ்கள் நிறைய ஸ்கேன் ஆகிவிட்டதால் தேடுவது முன்னைப்போல் கஷ்டம் இல்லை. தலைப்போ ஆசிரியரோ தெரியாதவருக்கு மட்டும் அது பெரிய சோதனை, ஏனென்றால் அதில் வந்த கதைகள் பெரும்பாலும் எழுதியவர் பெயர் இல்லாமலே வந்தன. தாசரி சுப்பிரமணியம் எழுதிய மாயாஜாலத் தொடர்கதைகளை ஒரு தலைமுறையே மூச்சுவிடாமல் படித்தது. அவர் பெயரை வாசகர்கள் தெரிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து. புரட்டப் புரட்ட எனக்கு ஒன்று விளங்கியது. என் மனதில் இருந்த பேய், ஓவியர் சங்கர் வரைந்த வேதாளம்! முருங்கை மரம், தோளில் பிணம், கையில் வாளோடு விக்கிரமாதித்தன். மரத்தை மட்டும் நான் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வேறொரு கதைக்குள் நட்டுவிட்டேன். கக்கியதைத் தின்றவன் எந்த இதழிலும் அகப்படவில்லை.

மார்சியா ஜான்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். ஒரு நினைவு எங்கிருந்து வந்தது என்று மூளை சீட்டு ஒட்டி வைப்பதில்லை. கேட்கும்போதுதான் அது கணிக்கிறது: படம் தெளிவாக இருக்கிறதா, அப்படியானால் பார்த்திருப்பேன், குரல் கேட்கிறதா, அப்படியானால் யாரோ சொன்னது. இந்தக் கணிப்பு பல சமயம் சரியாகவே இருக்கும். எனக்குப் படம் தெளிவாக இருந்தது, ஆகவே படித்தது என்று மூளை தீர்ப்புச் சொல்லிவிட்டது. படம் வேறு கதையினுடையது என்பது அதற்குத் தெரியாது.

அடுத்து பீமன் வந்தான். துரியோதனன் விஷம் வைத்து ஆற்றில் தள்ளிய பீமன், நாகலோகம் போய் அங்கே ரசம் குடித்து மாபலம் பெறுகிறான். ஆறு இருக்கிறது, எதையோ உட்கொண்டு பலம் பெறுவதும் இருக்கிறது. வாந்தி இல்லை, தாடி இல்லை, கல் இல்லை. அக்காவின் "ப"வுக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி கிடையாது.

ஸ்டித் தாம்சன் என்ற அமெரிக்கர் 1930களில் வெளியிட்டு, 1950களில் விரித்த ஆறு தொகுதி அகராதி ஒன்று இருக்கிறது. உலக நாட்டுப்புறக் கதைகளின் உதிரிப் பாகங்களுக்கெல்லாம் எண் போட்டு வைத்திருப்பார். பலம் தரும் மந்திர உணவுக்கு டி1335.1. பெரிய கல்லைத் தூக்கும் பலசாலிக்கு எஃப்624.2. கதையின் பெயரை மறந்து உறுப்புகளை மட்டும் வைத்திருப்பவருக்காகவே செய்தது போன்ற நூல். ஆனால் எங்களுக்கு உதவவில்லை, காரணம் எளிது: பலசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், எல்லோரும் கல் தூக்குகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கும். அதைத் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள்.

இங்கே கணினி அறிவியலிலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜில் இருந்த கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார்: ஓர் ஆவணத்தைத் தேடும்போது ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதை அது எத்தனை ஆவணங்களில் வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம். எல்லாவற்றிலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அரிதாக வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கும். இன்றைய தேடுபொறிகளின் அடிப்படைகளில் அது ஒன்று. கதைகளுக்கும் அதே கணக்கு. "அரசன்" என்பதற்கு மதிப்பு பூஜ்யம். "கல்" கொஞ்சம் தேவலை. "வாந்தி" தங்கம். ஆனால் பொல்லாத தங்கம்: பேய், வாந்தி, பலம் என்று தமிழில் தேடினால் இஞ்சிச் சாறு, எலுமிச்சை, வயிற்றுப் பொருமலுக்குக் கைவைத்தியம் என்று பக்கம் பக்கமாக வருகிறது.

அக்காவின் "ப" என்ன ஆயிற்று? பெயர் நாக்கு நுனியில் நிற்கும் நிலையை 1966இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும் ஹார்வர்டில் ஆராய்ந்தார்கள். அரிய சொற்களின் பொருளைப் படித்துக் காட்டி, சொல் என்ன என்று மாணவர்களைக் கேட்டார்கள். சொல் வராமல் தவித்தவர்களால் அதன் முதலெழுத்தைப் பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் சரியாகச் சொல்ல முடிந்தது. எத்தனை அசை என்பதையும் ஓரளவு சொன்னார்கள். ஆகவே "ப" என்றதைத் தள்ளிவிட முடியாது. நான் பாண்டியன், பக்கிரி, பரமன் என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி "இல்ல" என்றாள். இதுவும் ஒரு தகவல். பெயர் தெரியாதவருக்கு எது அந்தப் பெயர் இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது.

பழைய இடத்துக்குப் போய் நின்றால் ஞாபகம் வரும் என்பார்கள். 1975இல் கோடனும் பேட்லியும் ஸ்காட்லாந்துக் கடலில் முக்குளிப்பவர்களுக்குத் தண்ணீருக்கடியில் சொற்களைக் கொடுத்து, அவை தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வருகின்றன என்று காட்டிய சோதனை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. 2021இல் அதை மறுபடி செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாடநூல்கள் இன்னும் மாறவில்லை. நான் பஃபலோ ரோட்டுக்குப் போய் நின்றேன். பழைய தேக்கா மார்க்கெட் எதிர்ப்பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக் கட்டடத்துக்கு வந்ததே 1982இல். எங்கள் மாடியைச் சுற்றியிருந்த எதுவும் அந்த வடிவில் இல்லை. கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

திருப்பம் வந்தது காவல்துறைக்காக உருவாக்கிய ஒரு முறையால். 1980களில் எட்வர்ட் கைசல்மன், ரொனால்ட் ஃபிஷர் இருவரும் சாட்சிகளை விசாரிக்க ஒரு வழி வகுத்தார்கள்: கேள்வி மேல் கேள்வி கேட்காதே, சாட்சியை அந்தச் சூழலை மனதில் மறுபடி கட்டவிடு, அற்பமாகத் தோன்றினாலும் எல்லாவற்றையும் சொல்லச் சொல், முடிவிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொல், இன்னொருவர் நின்ற இடத்திலிருந்து சொல்லச் சொல். அக்காவிடம் கதையைக் கேட்பதை விட்டுவிட்டு, "பெரியப்பா எப்படி உட்கார்ந்திருப்பார், எப்படிச் சொல்வார், செஞ்சு காட்டு" என்றேன்.

பெரியப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மூட்டை தூக்கிய தோளில் துண்டைப் போட்டபடி, நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்கார்ந்துதான் பேசுவார். அக்கா காலை மடித்துக்கொண்டாள். குரலைக் கனமாக்கிக்கொண்டாள். "அந்த ஹந்து இருக்கே ஹந்து... அது தாடி தொப்புள் வரைக்கும்" என்றாள்.

ஹந்து. பேய்க்கு மலாய்ச் சொல். எழுதச் சொன்னபோது அவள் தாளில் "பேய்" என்றே எழுதியிருந்தாள். பெரியப்பாவின் தமிழில் பாதி பசார் மலாய். துறைமுகத்தில் சீனரோடும் மலாய்க்காரரோடும் பேச அதுதான் பொதுமொழி. கதையை நாங்கள் தமிழ்க் கதை என்று வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கமே தேடிக்கொண்டிருந்தோம்.

வியோரிகா மரியன், உல்ரிக் நைசர் இருவரும் 2000இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. ரஷ்ய மொழி பேசி வளர்ந்து பிறகு அமெரிக்கா வந்த மாணவர்களிடம், ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்ய மொழிச் சம்பவங்கள் அதிகம் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலச் சம்பவங்கள். நடந்தது எந்த மொழியிலோ அந்த மொழி நினைவின் ஒரு பகுதியாகவே சேர்ந்துவிடுகிறது. நான்கு மொழி புழங்கும் ஊரில் வளர்ந்தவர்கள் தொலைத்த கதையைத் தேடும்போது, எந்த மொழியில் தொலைத்தோம் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அதன் பிறகு தேடல் ஒரு மதியத்துக்கு மேல் நீளவில்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடத்தின் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில், "செஜாரா மெலாயு" என்ற மலாய் அரச வரலாற்று நூலின் மொழிபெயர்ப்பில் அவன் உட்கார்ந்திருந்தான். பெயர் பாடாங். அக்காவின் "ப" சரி. (முடிவு தெரிந்த பிறகு எல்லாத் துப்பும் நல்ல துப்பாகவே தெரியும், அதனால் இந்த வெற்றிக்கு நான் அதிகம் மதிப்புத் தரவில்லை. அக்கா தருகிறாள்.)

நூலில் உள்ள கதை இது. பாடாங் ஓர் அடிமை. எஜமானுக்காகக் காடு திருத்துவது அவன் வேலை. ஆற்றில் மீன்பிடிக்கூடு வைக்கிறான். காலையில் போய்ப் பார்த்தால் முள்ளும் செதிலும்தான் மிச்சம். ஒளிந்திருந்து பார்க்கிறான். கண் நெருப்பாய்ச் சிவந்த, தாடி தொப்புள் வரை தொங்கும் ஒரு பேய் மீனைத் தின்கிறது. தாடியைப் பிடித்துக்கொள்கிறான். உயிருக்குப் பயந்த பேய், என்ன வேண்டும் என்று கேட்கிறது. பாடாங் யோசிக்கிறான். செல்வம் கேட்டால் அது எஜமானுக்குத்தான் போய்ச் சேரும். மறையும் சக்தி கேட்டால் கடைசியில் தன் உயிருக்கே வினை. பலம் கேட்டால் எஜமானின் வேலையாவது சுலபமாக முடியும். பலம் வேண்டுமானால் நான் கக்குவதைத் தின்னு என்கிறது பேய். தாடியை விடாமல் தின்று முடிக்கிறான். வழியில் மரங்களைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே போகிறான். எஜமான் அவனை விடுதலை செய்கிறான். சிங்கப்பூர் அரசன் ஸ்ரீ ராணா விக்ரம அவனைத் தன் வீரனாக்கிக்கொள்கிறான். பிறகு கலிங்கத்திலிருந்து ஒரு பலசாலி ஏழு கப்பலோடு வந்து சவால் விடுகிறான்; ஏழு கப்பலும் பந்தயம். அரண்மனை வாசலில் கிடந்த கல்லை வந்தவன் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் போடுகிறான். பாடாங் அதைத் தூக்கிச் சுழற்றி ஆற்று முகத்துவாரத்தில் எறிகிறான்.

இளவரசி கிடையாது. என் நினைவிலும் அக்காவின் நினைவிலும் அவள் இருந்தாள்.

1932இல் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் எழுதிய நூல் இப்படிப்பட்ட இளவரசிகளைப் பற்றியதுதான். வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றைத் தன் ஊர்க்காரர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள்கள், வாரங்கள், சிலரிடம் ஆண்டுகள் கழித்தும் திருப்பிச் சொல்லச் சொன்னார். கதையில் இரண்டு இளைஞர்கள் கடல்நாய் வேட்டைக்கு ஆற்றுக்குப் போகிறார்கள். திருப்பிச் சொன்னவர்கள் பலரிடம் அவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். மரத்தைக் குடைந்து செய்த தோணி சாதாரணப் படகாயிற்று. தலைப்பிலேயே இருந்த ஆவிகள் பலருக்கு மறந்தே போயின. தெரியாத இடங்களைத் தெரிந்த கதைகளின் துணியால் ஒட்டுப்போட்டிருந்தார்கள். ஆனால் கதையின் முடிவில் சாகிறவனின் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளியே வருகிறது. பலரும் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். சிலர் நுரை என்றார்கள், சிலர் உயிர் என்றார்கள்.

எங்கள் கதைக்கும் நடந்தது இதுவே. காடு திருத்தும் அடிமை, நான் கேட்டு வளர்ந்த கதைகளுக்கேற்ப விறகுவெட்டியானான். மீன்பிடிக்கூட்டைக் கண்டிராத நான் அதை அடியோடு விட்டேன். கல்லைத் தூக்கினால் பெண் கிடைக்கும் என்பது இளவட்டக்கல்லிலிருந்து வந்த உறுப்பு. ஏழு கப்பலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இளவரசியை வைத்தது நானா, அக்காவா, பெரியப்பாவா, இவர்களுக்கு முன்னால் பெரியப்பாவுக்குச் சொன்ன யாரோவா என்று பிரிக்க வழி இல்லை. பார்ட்லெட்டும் ஒரு கதையை ஒருவர் மற்றவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று சங்கிலியாகச் சொல்லவைத்துப் பார்த்தார். கண்ணிகள் கூடக்கூடக் கதை குட்டையாகி, கேட்பவரின் ஊர்க் கதையாகிவிடுகிறது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. பாடாங் கதையின் உயிர் எங்கே இருக்கிறது? அவன் யோசிக்கும் இடத்தில். அடிமையின் செல்வம் எஜமானின் செல்வம் என்பதைக் கணக்குப் போட்டு, எதைக் கேட்டால் தன்னிடமிருந்து பிடுங்க முடியாதோ அதைக் கேட்கிறான். கூர்மையான, கசப்பான கணக்கு. அதை நாங்கள் இருவரும் அடியோடு மறந்துவிட்டோம், வாந்தியை மறக்கவில்லை. பிரெய்னர்ட், ரெய்னா என்ற ஆய்வாளர்கள் சொல்வது: நினைவில் இரண்டு தடங்கள் விழுகின்றன, ஒன்று சொல்லுக்குச் சொல், மற்றொன்று சாரம், முதலாவது சீக்கிரம் அழியும், இரண்டாவது நீடிக்கும். சரிதான். ஆனால் எது சாரம் என்று தீர்மானிப்பது கதாசிரியர் இல்லை, கேட்கும் வயது. ஏழு வயதுக்கு அடிமைத்தனத்தின் பொருளாதாரம் சாரமாகப்படாது.

அருவருப்பு ஏன் இவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்பதற்கும் சோதனை இருக்கிறது. சிப் ஹீத் முதலானோர் 2001இல் வாய்வழி வதந்திகளை எடுத்து அருவருப்பின் அளவை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். குளிர்பானத்தில் செத்த எலி: குடிக்கும் முன் பார்த்தான், பாதி குடித்த பிறகு பார்த்தான், கட்டியாக எதையோ விழுங்கிய பிறகு பார்த்தான். மூன்றாவதைத்தான் மற்றவருக்குச் சொல்ல மக்கள் அதிகம் விரும்பினார்கள். வாயில் போகக்கூடாதது போவதை மறப்பது உயிருக்கு நல்லதல்ல என்பது ஒரு விளக்கம். நம்பத்தக்க விளக்கம்தான், நிரூபணம் ஆனது என்று சொல்லமாட்டேன். இன்னொரு ஆய்வில் நொரென்சயானும் சகாக்களும் கிரிம் சகோதரர்களின் கதைகளில் புகழ்பெற்றவற்றையும் மறந்துபோனவற்றையும் ஒப்பிட்டார்கள். நிலைத்தவற்றில் உலக நடைமுறைக்கு ஒவ்வாத அம்சங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றோடு நின்றன. அதற்கு மேல் போனால் மனம் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை போலும். பாடாங்கிடம் ஒரு பேய், ஒரு வாந்தி, ஓர் அசாத்திய பலம். கணக்கு சரியாக இருக்கிறது.

அந்தக் கல்? 1819இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காடு வெட்டியபோது எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பது வரி அளவுக்கு எழுத்து. ஒருவராலும் படிக்க முடியவில்லை. 1834இல் சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சான தன் நூலில், மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த பெக்பி என்ற அதிகாரி இந்தப் பாறைதான் பாடாங் எறிந்த கல் என்று இரண்டையும் முடிச்சுப்போட்டார். 1843இல் கோட்டை கட்டும் வேலைக்காக அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று இன்று ஸ்டாம்ஃபர்ட் சாலைத் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. சிறுவர் கதை ஒன்றைத் தேடிப் போனவருக்கு அதன் சாட்சிப் பொருளைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம், சாட்சி கதைக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதாக இருந்தாலும்.

பாறையை முழுசாகப் பார்த்தவர்களில் முன்ஷி அப்துல்லாவும் ஒருவர். மலாக்காவில் பிறந்தவர், கொள்ளுப்பாட்டி நாகூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண், அவரே தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். செஜாரா மெலாயுவைச் சிங்கப்பூரில் அச்சில் கொண்டுவந்தவரும் அவர்தான். பாறையைப் பார்க்க வந்த இந்துக்கள் அதை இந்து எழுத்து என்றார்கள், சீனர்கள் சீன எழுத்து என்றார்கள் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மாவைப் பிசைந்து அழுத்தி அச்செடுத்தும், விளக்குக்கரி தேய்த்தும் பார்த்தார்களாம். பார்ட்லெட் கேம்பிரிட்ஜில் செய்த சோதனையை ஆற்றங்கரையில் ஊர் முழுக்கச் சேர்ந்து செய்தது போல இருக்கிறது அந்தப் பக்கம்.

இன்னும் ஒரு விவரம் மிச்சம். தோற்றவன் கலிங்கத்தான். பழைய மலாய் நூல்கள் கலிங்கம் என்று சொல்வது தென்னிந்தியக் கரையை. கதையைக் கேட்ட பெரியப்பாவுக்கு அது தன் ஊர்ப்பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் இருவர் தாளிலும் எதிராளியே இல்லை. பாடாங் தனியாகக் கல் தூக்கினான். தோற்றது நம் ஆள் என்பதால் பெரியப்பா மெல்ல விட்டுவிட்டாரா, சொல்லியும் எங்களுக்குப் பிடிக்காமல் போயிற்றா? நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். நூலில் இதற்கு ஒரு பின்குறிப்புகூட உண்டு: பாடாங் இறந்து புரு தீவில் அடக்கமான பிறகு, செய்தி கேட்ட கலிங்க அரசன் அவன் கல்லறைக்கு ஒரு கல் அனுப்பி வைக்கிறான்.

இதையெல்லாம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டியது ஆய்வுமுறைப்படி தவறு. நினைவை ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் அது கொஞ்ச நேரம் இளகிய நிலையில் இருக்கிறது, மறுபடி உறையும்போது மாறலாம் என்று 2000இல் கரீம் நாடர் எலிகளில் காட்டியிருக்கிறார். இனி எங்கள் பழைய கதைக்கு அந்த இரண்டு தாள்கள் மட்டுமே ஆதாரம். அவள் கவனமாகக் கேட்டாள். ஏழு கப்பல் வந்த இடத்தில் நிறுத்தி, பெரியப்பா இதைச் சொன்னாரா என்று கேட்டேன்.

"சொல்லியிருப்பாரு" என்றாள். "ஹார்பர்ல வேலை பார்த்த மனுஷன், கப்பலை விடுவாரா?"

"ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"இப்ப இருக்குடா."